ஒன்பதாம் எண் வண்டியில் வேலை பாதுகாப்பாக முடிந்தது

ஒரு போல்ட்டை முறுக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால் விவரம் தெரியாதவர்கள் ஒருவர் போதும் என்பார்கள். அந்தப் பார்சல் நிறுவனத்தின் பணிமனையில் அப்படிச் சொன்னால் மூன்று நாள் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே கணக்கு பதினான்கு பேர். முறுக்கத் தெரிந்தவன் ஒருவன். மீதிப் பதின்மூன்று பேர், அவன் அவசரப்பட்டு முறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக நியமிக்கப்பட்டவர்கள்.

அந்த ஒருவனை எல்லோரும் மெக்கானிக் என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அங்கே இரண்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள். மற்றவர் வயதில் மூத்தவர், கைதேர்ந்தவர். அவருடைய வேலையைப் பார்த்து மெச்சிப்போன நிர்வாகம், இனி அவர் வேலையே செய்ய வேண்டாம் என்று பாதுகாப்புப் பிரிவுக்கு உயர்த்திவிட்டது. அவரைப் பற்றிப் பிறகு வரும்.

மெக்கானிக்கின் மனைவி அதே நிறுவனத்தில் டிரைவர். ஒன்பதாம் எண் மின்சார வண்டி அவளுடையது. திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவள், நேரே பணிமனைக்கு வந்தாள்.

"மேட்டுல ஏறும்போது ஒரு வாசனை வருதுங்க. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல மறந்து வெச்ச மாதிரி. கொஞ்ச தூரத்துல, பவர் குறைஞ்சா எரியுமே, அந்த ஆமைப் படம் போட்ட விளக்கு எரியுது. அப்புறம் வண்டி இழுக்க மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா. இன்னைக்குப் பின்பக்கம் தரைத்தகடு சுட்டுச்சு. பார்சல் அட்டைப்பெட்டி ஒண்ணு அடியில பழுப்பாயிடுச்சு."

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னேனே. அறிக்கைப் பெட்டியில நாலு சீட்டு போட்டேன். வீட்டுல வந்து ஆபீஸ் கதை பேச வேணாம்னு இருந்தேன்."

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து வெப்பமானியைக் காட்டினான். பேட்டரியிலிருந்து தடித்த ஆரஞ்சுக் கேபிள்கள் இரண்டு வெளியே வருகின்றன. ஒரு முனை கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. மற்றது அதைவிட நாற்பது டிகிரி கூடுதல். அந்தக் கேபிளின் உறை ஓரத்தில் கருகியிருந்தது. உள்ளே போல்ட் தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் மின்சாரம் நெருக்கியடித்துக்கொண்டு போகும், போகும்போது சூடாகும், சூட்டில் போல்ட் இன்னும் தளரும். பிறகு ஒருநாள், முழுப் பாரத்தோடு மேடு ஏறும்போது தீப்பிடிக்கும். பேட்டரியில் பிடித்த தீ அணைந்த மாதிரி இருந்து திரும்பத் திரும்ப எழும். வண்டியில் ஒரே ஓர் இருக்கைதான். அதில் உட்காருகிறவள் அவனுடைய மனைவி.

வேலை என்னவோ ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். வண்டியை அணைத்துச் சாவியைத் தள்ளி வைக்க வேண்டும். துண்டிப்புச் சுவிட்ச்சைத் திருப்பி அதில் பூட்டுப் போட்டு, வேலை செய்கிறவன் தன் பையிலேயே பூட்டுச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, ரப்பர் கையுறை போட்டு, மீட்டர் வைத்துச் சைபர் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டர் செத்துப்போயிருந்தாலும் சைபர்தான் காட்டும் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் மின்சாரம் இருக்கிற ஓரிடத்தில் வைத்து மீட்டரையே சோதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் முனையைத் துடைத்துச் சொன்ன அளவுக்கு முறுக்குவது. நானூறு வோல்ட், விளையாட்டில்லை. இந்த விதிகளில் ஒன்றைக்கூட மெக்கானிக் குறை சொன்னதில்லை. ஒவ்வொன்றும் எங்கோ யாரோ செத்த பிறகு எழுதப்பட்டது என்று அவனுக்குத் தெரியும்.

மனிதர்களைக் காப்பாற்றத்தான் அந்த விதிகள். இந்த நிறுவனம் விதிகளைக் காப்பாற்ற ஆரம்பித்தது. கெட்டது அங்கேதான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மெக்கானிக் மாடிப்படி ஏறிப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனான். வாசலில் பெரிய பலகை இருந்தது: 'விபத்து இல்லாத நாட்கள் 361'. முந்நூற்று அறுபத்தைந்து ஆனதும் தலைமையகத்திலிருந்து ஆள் வந்து கேடயம் கொடுப்பார்கள். கேடயம் வைப்பதற்காக அலமாரியில் இடம் ஒதுக்கி, தூசு படாமல் இருக்கத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

பாதுகாப்பு அதிகாரியைப் பணிமனையில் சைபர் சார் என்பார்கள். 'சைபர் விபத்து, சைபர் காயம், சைபர் புகார்' என்பது அவர் எந்தக் கூட்டத்திலும் முதலில் சொல்லும் வாசகம். மெக்கானிக் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தமாட்டார்.

"நல்லா கேட்டுக்கோங்க. இந்தத் துறையில நடந்த விபத்து எல்லாத்தையும் நான் ஆராய்ச்சி பண்ணிருக்கேன். எல்லாமே யாராவது வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்போதுதான் நடந்திருக்கு. சும்மா இருந்தவனுக்கு ஒருநாளும் அடிபட்டதில்ல. இதுலேருந்து உங்களுக்கு என்ன தெரியுது?"

"தெரியல சார்."

"யோசிங்க. அவசரமில்ல."

மெக்கானிக் யோசித்தான். போல்ட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"சார், தீப்பிடிச்சுடும் சார்."

"அதுக்குத்தான் அனுமதிப் படிவம் இருக்கே," என்று சைபர் சார் ஒன்பது பக்கப் படிவத்தை மூன்று பிரதிகள் எடுத்துக் கொடுத்தார்.

'வேலைக்கான காரணம்' என்ற இடத்தில் மெக்கானிக் 'போல்ட் தளர்ந்துவிட்டது, தீப்பிடிக்கும்' என்று எழுதியிருந்தான். சைபர் சார் 'தீ'யைச் சிவப்பு மையால் சுழித்தார். தீ என்று எழுதினால் அது தீயணைப்புப் படிவத்துக்குப் போய்விடுமாம். அங்கே போனால் பலகையில் உள்ள எண்ணைத் தொடுமாம். கடைசியில் 'வெப்பம் சார்ந்த ஓர் அக்கறை' என்று எழுதி, பத்தரை மணிக்கு முத்திரை விழுந்தது.

மெக்கானிக் கீழே வந்து துண்டிப்புச் சுவிட்ச்சைத் திருப்பிப் பூட்டினான். சாவியைப் பைக்குள் போடப் போனபோது, கூடவே இறங்கி வந்திருந்த சைபர் சார் கையை நீட்டினார்.

"சாவி என் மேசையில இருக்கட்டும். தொழிலாளி பையில இருந்தா தொலைஞ்சுபோகும்."

"சார், நான் உள்ள கை வெச்சிருக்கும்போது வேற யாரும் திறந்து மின்சாரத்தைப் போட்டுடக் கூடாது. அதுக்குத்தான் சாவி என்கிட்ட இருக்கணும்னு விதி."

"அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா?"

மெக்கானிக் சாவியை அவர் கையில் வைத்தான். சாவி மாடிக்குப் போயிற்று.

அடுத்தது பத்து நிமிடக் காத்திருப்பு. காத்திருப்பவன் உண்மையிலேயே காத்திருந்தானா என்று பார்க்கப் பாதுகாப்புப் பிரிவில் தனியாக ஒருவர் இருந்தார். அவருடைய பதவி 'காத்திருப்புச் சாட்சி'. ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமுமாக வந்து உட்கார்ந்தார். எட்டாவது நிமிடத்தில் மணி பதினொன்று அடித்தது. சாட்சி எழுந்தார்.

"மணிக்கொரு தடவை மேல போய் நான் வேலையில இருக்கேன்னு கையெழுத்துப் போடணும். வந்து முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

"ரெண்டு நிமிஷம்தான் அண்ணே பாக்கி."

"சாட்சி இல்லாத நிமிஷம் கணக்குல வராதுப்பா. நீ காத்திருந்தேன்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டாவது தடவை ஆறாம் நிமிடத்தில் அவருக்குத் தொலைபேசி வந்தது. மூன்றாவது தடவை முழுசாகப் பத்து நிமிடம் ஓடியது. ஆனால் சாட்சி நடுவில் கண்ணயர்ந்துவிட்டார். எழுந்ததும் அவரே அதை ஒப்புக்கொண்டு, மனச்சாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்துப் போட முடியாது என்றார். அவருடைய நேர்மையை மெக்கானிக் மதித்தான். உள்ளே தேங்கியிருந்த மின்சாரம் இதற்கெல்லாம் வெகு முன்பே வடிந்துவிட்டிருந்தது. நான்காவது காத்திருப்பு தொடங்குவதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது.

மனைவி டப்பாவோடு வந்தாள். வண்டி இல்லாததால் அன்றைக்கு அவளைப் பார்சல் பிரிக்கும் இடத்தில் போட்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா?"

"காத்துக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"சாட்சி சாப்பிட்டு வரணும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணத்துக்கே நமக்கு ரெண்டு சாட்சிதான். இவ்வளவு நேரம் ஆகல."

"நீ சாப்பிடு."

"பழைய கடையில இருந்தப்ப இந்த வேலையை எத்தனை தடவை பண்ணிருப்பீங்க?"

"பதினொரு தடவை."

"அங்க யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்ல. அங்க கையுறை ஆணியில தொங்கும். எடுத்துப் போட்டுப்போம்."

அவள் சாப்பிட்டு முடித்தாள். டப்பாவை மூடும்போது, "நாளைக்கு எனக்கு மேட்டுத் தெருப் பக்கம்தான் போட்டிருக்காங்க," என்றாள்.

நான்காவது காத்திருப்பு இரண்டு மணிக்கு நல்லபடியாக முடிந்தது. அடுத்து கொக்கிக்காரர் வர வேண்டும். மின்சாரம் ஒருவனைப் பிடித்துக்கொண்டால் வெறுங்கையால் இழுக்கக் கூடாது, இழுக்கிறவனும் போய்ச் சேருவான். அதற்காக மின்சாரம் பாயாத நீண்ட கம்பில் கொக்கி மாட்டி ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்ல வழக்கம். வந்தவர் வேறு யாருமில்லை, உயர்த்தப்பட்ட மூத்த மெக்கானிக். அவர் கையில் இருந்த கொக்கி ஒரு முழம் இருந்தது.

மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அலமாரிக்குள்ள அடங்கல," என்றார் மூத்தவர். "பாதுகாப்புக் கருவி அலமாரிக்கு வெளிய இருக்கக் கூடாதுன்னு விதி. அலமாரியை மாத்த அனுமதி வரல. கொக்கியை வெட்டிட்டாங்க."

"இதை வெச்சு என்னை எப்படிண்ணே இழுப்பீங்க?"

"உன்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் இழுக்கணும்."

"அப்ப ரெண்டு பேரும்ல போவோம்?"

"அதனாலதான் சொல்றேன், அடிபடாம பாத்துக்க." மூத்தவர் குனிந்து கருகிய கேபிளைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. எத்தனையோ முனைகளைப் பார்த்த கண். "இது அதிக நாள் தாங்காதுப்பா. கையுறையைக் கொண்டா. சட்டுனு முடிச்சுடலாம்."

கையுறைகள் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. ஆரஞ்சு நிறம், புத்தம் புதுசு, விரல்களை விரித்தபடி வெல்வெட் துணிமேல் கிடந்தன. பெட்டியின் மூடியில் காகித முத்திரை ஒட்டியிருந்தது.

"ஆய்வுக்கூடத்துல சோதனை பண்ணி வந்தது," என்றார் சைபர் சார், பெருமையாக. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோதனை. முத்திரை உடையாம இருக்கிற வரைக்கும் அது சோதிச்ச கையுறை."

"உடைச்சா சார்?"

"சோதிக்காத கையுறை ஆயிடும். சோதிக்காத கையுறையைப் போட்டுக்கிட்டு உங்களை நான் நானூறு வோல்ட்ல கை வைக்க விடுவேனா? உங்களுக்குக் குடும்பம் இருக்கு."

"அப்ப இதை யார் சார் போடுறது?"

"யாரும் போடல. அதனாலதான் ரெண்டு வருஷமா ஒரு ஓட்டைகூட விழல."

பழைய கடையை விட்டு வரும்போது முதலாளி கொடுத்த சொந்தக் கையுறை ஒரு ஜோடி அவனுடைய பெட்டியில் இருந்தது. போன மாதம்தான் சோதனைக்குக் கொடுத்து வாங்கியிருந்தான். ஓடிப்போய் எடுத்து வந்தான். சைபர் சார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் படர்ந்தது.

"சொந்தமா கையுறை கொண்டுவர்றீங்கன்னா, நிறுவனம் உங்களைக் காப்பாத்தாதுன்னு நினைக்கிறீங்க. இதை வெளியாள் பாத்தா என்ன நினைப்பான்?" என்று கேட்டபடி, அதையும் ஓர் உறைக்குள் போட்டு முத்திரை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இப்போது அங்கே இரண்டு ஜோடி இருந்தது. கூடுதல் கையிருப்பு என்று பதிவேட்டில் ஏறியது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, மெக்கானிக்குக்குப் பூதத்தோடு பேசிப் பேசியே மணி ஐந்தாகிவிட்டது. அன்றைக்கு எடுத்த அனுமதியை அன்றைக்கே ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். இரவு முழுக்க அனுமதி திறந்து கிடந்தால் அது ஒரு சம்பவமாகப் பதிவாகும். சம்பவம் பதிவானால் பலகை சைபருக்குப் போய்விடும். சைபரின்மேல் அவ்வளவு பக்தி உள்ள சைபர் சார் அந்த ஒரு சைபருக்கு மட்டும் பயந்தார்.

"இங்க ஒரு கையெழுத்து," என்று ஒன்பதாவது பக்கத்தைக் காட்டினார். அதில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: 'வேலை பாதுகாப்பாக முடிந்தது'.

"வேலையே நடக்கல சார்."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல."

"கருவி ஏதாவது உடைஞ்சுதா?"

"இல்ல."

"மணி அஞ்சாச்சு, முடிஞ்சுதா இல்லையா?"

"நாள் முடிஞ்சுது சார். போல்ட்?"

"போல்ட்டைப் பத்தி இங்க யாரும் கேக்கல பாருங்க. நீங்களா ஏன் இழுத்துப் போட்டுக்கிறீங்க?"

மெக்கானிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். அவன் வாழ்க்கையில் அதிகாரி ஒருவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சைபர் சார் கோபப்படவில்லை. நீங்கள் போடாவிட்டால் உங்கள் சார்பில் நானே போட வேண்டியிருக்கும், அனுமதியை முடிக்கத் தெரியாத மெக்கானிக் என்று உங்களை ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அந்த ஒரு மாதமும் இந்த முப்பது வண்டிகளை யாரும் தொட முடியாது, ஒன்பதாம் எண்ணையும்தான் என்று விளக்கினார். போட்டுவிட்டால் நாளைக்குக் காலையில் புதிதாக ஓர் அனுமதி கேட்கலாம்.

"கையுறைக்கு நாளைக்கு ஒரு வழி பண்ணித் தருவீங்களா சார்?"

"நாளைக்கு வாங்க. பேசலாம்."

மூத்தவரும் கண்ணால் போடு என்று காட்டினார். மெக்கானிக் போட்டான். உடனே பூட்டு திறக்கப்பட்டது. பேட்டரி மூடிமேல் பச்சை நிற முத்திரை ஒட்டப்பட்டது. அதை அனுமதி இல்லாமல் கிழிப்பவர் வேலையில் நீடிக்க முடியாது என்று அதன்மேலேயே அச்சிட்டிருந்தது. ஒன்பதாம் எண் வண்டி ஓடத் தகுதியானது என்று சாட்சி ஒரு சான்றிதழை டிரைவர் இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மெக்கானிக் நடந்ததைச் சொன்னான். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போட்டேன் என்றான். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள், அப்பா எதுக்குக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டாள். ரிப்போர்ட் கார்டுக்கு என்றாள் மனைவி.

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் சைபர் சார் எல்லா ஊழியர்களுக்கும் முன்னால் மெக்கானிக்கைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நேத்து இவர் உயர் மின்னழுத்த முனையில எட்டு மணி நேரம் வேலை செஞ்சிருக்கார். எட்டு மணி நேரம். ஒரு கீறல் இல்ல. கையில அழுக்குக்கூட இல்ல. காட்டுங்க கையை."

மெக்கானிக் கையைக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்படி எல்லாரும் வேலை செஞ்சா விபத்துக்கு எங்க இடம்? சொல்லுங்க. முந்நூத்தி அறுபத்திரெண்டு. இன்னும் மூணே நாள்."

கூட்டம் கலைந்ததும் மெக்கானிக் புதுப் படிவத்தை நீட்டினான். இராத்திரியே வீட்டில் உட்கார்ந்து மூன்று பிரதியும் எழுதி வைத்திருந்தான். தீ என்ற எழுத்து எங்கேயும் வராமல் கவனமாக எழுதியிருந்தான். சைபர் சார் வண்டி எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஒன்பதா? நேத்தே முடிஞ்சுதே."

"முடியல சார். நாளைக்கு வாங்க, பேசலாம்னு சொன்னீங்க."

"வந்திருக்கீங்க, பேசுறோம். முடிஞ்ச வேலையை மறுபடி எதுக்குத் திறக்கணும்? நல்லா இருக்கிற முனையில கை வைக்கிறது தேவையில்லாத ஆபத்து. இதுக்கு அனுமதி கொடுத்தா நான் எப்படிப் பாதுகாப்பு அதிகாரி?"

"நல்லா இல்ல சார். கேபிள் கருகியிருக்கு. நீங்களே வந்து ஒரு தடவை பாருங்க சார்."

"நான் பாத்தா, பாத்தது பதிவாகும். அப்புறம் நேத்து நீங்க போட்ட கையெழுத்து பொய்னு ஆகும். பாதுகாப்புப் படிவத்துல பொய் எழுதினா மெக்கானிக் உரிமமே போயிடும். உங்க நல்லதுக்குத்தான் நான் பாக்காம இருக்கேன்." சைபர் சார் அவனுடைய தோளில் கை வைத்தார். "கெட்டிக்காரத்தனமா முடிச்ச வேலையை நீங்களே கெடுத்துக்காதீங்க."

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மெக்கானிக் படியிறங்கி வந்தபோது ஒன்பதாம் எண் வண்டியில் நூற்றுப் பன்னிரண்டு பார்சல்கள் ஏற்றப்பட்டுவிட்டிருந்தன. மனைவி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றாள்.

"எடுக்க மாட்டேன்னு சொல்லிடு," என்றான்.

"சொன்னா?"

அவனுக்கும் தெரியும். போன மாதம் ஆறாம் எண் டிரைவர், சான்றிதழ் வாங்கிய வண்டியை, பிரேக் சரியில்லை என்று எடுக்க மறுத்தார். பயம் ஒரு பாதுகாப்புக் குறைபாடு என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி இப்போதும் ஓடுகிறது. வேறொருவர் ஓட்டுகிறார்.

"அப்ப நானும் வர்றேன்."

"எங்க உக்காருவீங்க? ஒரு சீட்டுதான் இருக்கு."

"பின்னாடி. முனைக்கு மேல தரைத்தகட்டுல கையை வெச்சுக்கிட்டே வர்றேன். சூடேறினா சொல்றேன், நிறுத்திடு."

அவள் கண் கலங்கியது. வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் மேட்டுத் தெருவில் தனியாகப் போக அவளுக்கும் பயமாக இருந்தது.

வாசல் காவலர் தடுத்தார். டிரைவரும் பார்சலும் மட்டும்தான் வெளியே போகலாம். பார்சல் பகுதியில் ஆள் ஏற்றினால் அவருடைய வேலை போய்விடும். மெக்கானிக் எவ்வளவோ கெஞ்சினான். காவலர் இரக்கமுள்ளவர், விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஆளுக்கு வழியே இல்ல. பார்சல்னா வழி இருக்கு."

"அப்ப நான் பார்சல்."

காவலர் அவனை எடை மேடையில் நிறுத்தினார். அறுபத்தெட்டு கிலோ. முப்பது கிலோவுக்கு மேல் இருந்தால் ஒட்ட வேண்டிய 'இருவர் தூக்கவும்' சீட்டை அவனுடைய முதுகில் ஒட்டினார். பேனாவைத் திறந்தார்.

"உடையக்கூடிய பொருளா?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றான்.

"ஆபத்தான பொருள் ஏதாவது?"

"என்கிட்ட இல்ல. வண்டிக்கு அடியில இருக்கு."

"அதுக்குத்தான் பச்சை முத்திரை ஒட்டியிருக்காங்களே. பெறுநர் யாரு?"

அவன் மகளின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொன்னான். அன்றைய ரசீதில் நூற்றுப் பதின்மூன்றாவது பார்சலாக அவன் ஏறினான். காவலரே பின்கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. பார்சல்கள் தாமாக இறங்குவதில்லை என்பதால் வைக்கவில்லை.

சமதரையில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பி வலைதான், பேச முடிந்தது. முப்பது பார்சல் வரைக்கும் இறக்கினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் பின்கதவைத் திறந்து பார்சலை எடுத்துக்கொண்டு, அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாத்தினாள். பிறகு மேட்டுத் தெரு வந்தது. பாதி மேடு ஏறுவதற்குள் உள்ளங்கைக்குக் கீழே தகடு வெதுவெதுப்பானது. இன்னும் கொஞ்ச தூரத்தில் சுட்டது. மெக்கானிக் வலையை ஓங்கித் தட்டினான்.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தாள். அவன் குதித்து இறங்கினான். இரண்டு பேரும் இருபது அடி தள்ளிப்போய் நின்று வண்டியைப் பார்த்தார்கள். புகை இல்லை. வாசனை மட்டும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் அவளுடைய போன் அடித்தது. சைபர் சார்தான். வண்டி ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் அவருடைய மேசையில் விளக்கு எரியும்.

"ஒன்பது ஏன் நிக்குது?"

"சுடுது சார். வாசனை வருது."

"டிரைவர் பத்திரமா?"

"பத்திரமா இருக்கேன் சார்."

"பார்சல்?"

அவள் கணவனைப் பார்த்தாள். "ஒரு பார்சலை மட்டும் இறக்கி வெச்சிருக்கேன் சார்."

"அந்த விலாசம் அங்கயா?"

"இல்ல சார்."

"விலாசம் இல்லாத இடத்துல பார்சலை இறக்கினா அது தொலைஞ்ச பார்சல். டிரைவர் பேர்ல எழுத வேண்டியிருக்கும். இன்னும் மூணு நாள்மா. மூணே நாள். வண்டி கொஞ்சம் ஆறட்டும், திரும்ப ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க."

போன் வைக்கப்பட்டது. அவர்கள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவனுக்குக் கொடுத்தாள். முதுகில் ஒட்டியிருந்த சீட்டின் ஒரு மூலை பெயர்ந்து காற்றில் ஆடியது. அதைப் பிய்க்கப் போனவள், ரசீதோடு சரிபார்ப்பார்கள் என்று நினைவு வந்து திரும்ப அழுத்தி ஒட்டினாள். கால் மணி நேரம் கழித்து அவன் போய்த் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது. இன்னும் எண்பதுக்கு மேல் பார்சல்கள் இருந்தன. எல்லாம் மேட்டுக்கு மேலே.

"இனிமே நான் தட்டினா நீ இறங்கி ஓடிடு," என்றான். "கதவுப் பக்கம் வராத. பொண்ணு ஸ்கூல்லேருந்து நாலு மணிக்கு வந்துடுவா."

"நான் ஓட மாட்டேன். கதவைத் திறக்கத்தான் வருவேன்," என்றாள் அவள். "அதைத் தெரிஞ்சுக்கிட்டு, சுடறதுக்கு முன்னாடியே தட்டுங்க."

அவன் ஏறி, பார்சல்களுக்கு நடுவில், முனைக்கு மேலிருந்த இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தகட்டில் வைத்தான். அந்தக் கதவை வெளியிலிருந்துதான் சாத்த முடியும். அவள் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு சாத்தினாள்.